ரன்ஃபிளாட் டயர்: திரும்பவும் அதையே போடுவதா, சாதா டயருக்கு மாறுவதா?

தென்றல்77
என் பிஎம்டபிள்யூ 3 சீரிஸுக்கு நாலு டயரும் மாத்தணும். 41,000 கிலோமீட்டர் ஓடி பட்டன், அதாவது ரோட்டைத் தொடற வரிப்பகுதி, தேஞ்சாச்சு. கம்பெனியில போட்டு வந்தது ரன்ஃபிளாட், அதாவது காத்து முழுசா போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயர். அதையே கேட்டா சாதா டயரைவிட ஒண்ணரை மடங்கு விலை சொல்றாங்க. வண்டியில ஸ்டெப்னி இல்ல, டிக்கிக்கு அடியில அதை வைக்கப் பள்ளமும் இல்ல. மாசம் ரெண்டு தடவை சென்னை–திருச்சி ஓட்டம். பாதி நாள் என் மனைவிதான் பையனைக் கூட்டிக்கிட்டுத் தனியா ஓட்டிப்போவாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

செம்மண்சாலை
சாதா டயருக்கு மாத்திடுங்க சார். நான் மூணு வருஷம் ரன்ஃபிளாட்ல ஓட்டினவன். சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர், கட்டை மாதிரி விறைப்பு, பாலத்துல இருக்கற ஒவ்வொரு ஜாயிண்ட்டும் முதுகுல தெரியும். மழைக்காலத்துல தண்ணி நின்ன குழியில ஒரு தடவை இறங்கினேன். டயருக்கு ஒண்ணும் ஆகல, அலாய் ரிம் விரிசல் விட்டுடுச்சு. வாங்க வேண்டிய அடியை டயர் வாங்கலைன்னா ரிம்முதான் வாங்கணும். சாதா டயர் போட்டு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, "ரோடு புதுசா போட்டுட்டாங்களா?"ன்னு கேட்டார். அவருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனது. எனக்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

மலைப்பாதை_ஈரோடு
சொகுசை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க அண்ணா. என் கதையைக் கேளுங்க. மைசூர்ல இருந்து அம்மாவோட வந்துட்டு இருந்தேன். திம்பம் மலையில மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. மேல இருந்து நாலாவதோ அஞ்சாவதோ திரும்பறப்ப டயர் பிரஷர் விளக்கு எரிஞ்சுது. இடது பின் டயர். பொழுது சாயற நேரம், எதிர்ல லாரி வரிசையா ஏறுது, ஒதுங்கறதுக்கு ஒரு முழம் இடம் இல்ல. யானை நடமாடற காடுங்க அது. அங்க இறங்கி யாரு ஜாக்கி போடறது?

30-க்கு மேல போகாம மெதுவா இறக்கி, பண்ணாரி தாண்டி சத்தியமங்கலத்துல பெட்ரோல் பங்க் வெளிச்சத்துலதான் நிறுத்தினேன். இறங்கிப் பாத்தா டயர் சப்பையாவே தெரியல, நாலும் ஒரே மாதிரி நிக்குது. காத்து பாக்கற பையன் மீட்டரை வெச்சான், முள்ளு அசையவே இல்ல, சைபர். அம்மாவுக்கு பஞ்சர் ஆனதே அப்பதான் தெரியும். சாதா டயரா இருந்தா அதுக்கடுத்த ரெண்டாவது வளைவுலயே ரிம் டயரை அறுத்திருக்கும்.

டயர்கடை_மதுரை
19 வருஷமா டயர் தொழில்ல இருக்கேன். ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்தான். உள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். சாதா டயர்ல வண்டி எடையைத் தாங்கறது காத்து. காத்து போனா சைடுவால் மடிஞ்சு, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நசுங்கும். ரன்ஃபிளாட்ல சைடுவால் உள்பக்கம் கெட்டியான ரப்பர் பட்டை ஒண்ணு கூடுதலா இருக்கும், காத்து இல்லாதப்ப எடையை அது தாங்கும். ஆனா சுத்தச் சுத்தச் சூடேறும். அதனாலதான் பொதுவா 80 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள 80 கிலோமீட்டர் தூரம்னு கணக்கு சொல்றாங்க. நாலு பேரு, டிக்கி நிறைய சாமான், சித்திரை வெயில்னா அந்த 80-ஐ முழுசா நம்பாதீங்க.

காத்து இல்லாம ஓடி வந்த டயரைக் கழட்டினா உள்ள கறுப்பா ரப்பர் தூள் உதிரும், சைடுவால் உள்பக்கம் சுருக்கம் விழுந்திருக்கும். அதைப் பார்த்துட்டா நான் பஞ்சர் ஒட்ட மாட்டேன், கஸ்டமர் கோவிச்சுக்கிட்டாலும் சரி. இன்னொண்ணு, இதைக் கழட்ட கூடுதல் கை வெச்ச மெஷின் வேணும். ஹைவே ஓரக் கடையில கடப்பாரையை விட்டு நெம்பினா ரிம்ல உக்காரற விளிம்பு கிழிஞ்சுடும்.

செம்மண்சாலை
அண்ணன் சொன்னதையே பிடிச்சுக்கறேன். 80 கிலோமீட்டர் போயி என்ன பண்றது? வேப்பூர் பக்கம் ராத்திரி பஞ்சர்னு வெச்சுக்குங்க. திருச்சிக்கு 100 கிலோமீட்டர், கணக்குலயே வராது. விழுப்புரத்துக்குத் திரும்பி வரலாம். வந்தா அங்க உங்க 225/50 ஆர்17 அளவுல ரன்ஃபிளாட் ஸ்டாக் இருக்குமா? எனக்கு இதே மாதிரி ஒரு ஊர்ல நடந்துச்சு. மூணு கடை ஏறி இறங்கினேன், ஒருத்தர்கிட்டயும் அந்த அளவு இல்ல. ரெண்டு நாள் லாட்ஜ்ல கிடந்தோம், கடைசியில வண்டி ஃபிளாட்பெட் லாரியில ஏறித்தான் ஊருக்கு வந்துது.

அமெரிக்காவுலயே இந்தப் பாடம் நடந்திருக்கு. மிஷலின் கம்பெனியோட பேக்ஸ்ங்கற ரன்ஃபிளாட் டயரை 2005-ல ஹோண்டா ஒடிசி வேன்ல போட்டு வித்தாங்க. அதுக்குத் தனி ரிம், தனி மெஷின். மாத்தத் தெரிஞ்ச கடை கிடைக்காம ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க, கடைசியில அந்த டயரையே நிறுத்தினாங்க. டயர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அதைக் கவனிக்கறதுக்கு வழியில கடை வேணும்.

மலைப்பாதை_ஈரோடு
பேக்ஸ் வேற வகைங்க அண்ணா. உள்ள தனியா ஒரு வளையம் வெச்சு அதுமேல ஓடறது. நாம பேசறது சைடுவால்ல தாங்கறது, மாமூலா இருக்கற அலாய்லயே உக்காரும். 1997-ல வந்த கார்வெட் கார் இதை நம்பித்தான் ஸ்டெப்னியே இல்லாம வந்துது. ரெண்டையும் ஒரே கணக்குல சேக்காதீங்க.

நீங்க ரெண்டு நாள் லாட்ஜ்ல இருந்தது கஷ்டம்தான், இல்லேங்கல. ஆனா லாட்ஜ் வரைக்கும் அந்த டயர்தானே உங்களைக் கொண்டுபோய்ச் சேத்துச்சு? சாதா டயர் போட்டுட்டுக் காத்தடிக்கற மெஷினும் பஞ்சர் திரவமும் வெச்சுக்கலாம்பாங்க. பட்டன்ல ஆணி ஏறினா அது போதும். சைடுவால் கிழிஞ்சா அந்தத் திரவம் ஒண்ணுத்துக்கும் ஆகாது. அதுக்கும் இருட்டுல, ரோட்டோரம், லாரி பறக்கற பக்கம் குத்தவெச்சு உக்காந்தாகணும்.

செம்மண்சாலை
சைடுவால் பெருசா கிழிஞ்சா ரன்ஃபிளாட்டும் போகாது தங்கச்சி, அதையும் சேத்துச் சொல்லுங்க. என் கோபம் உங்க மேல இல்ல. டியூப்லெஸ் டயர், பிரஷர் காட்டற கருவி, ரிப்பேர் கிட் மூணும் இருந்தா காருக்கு ஸ்டெப்னி வேணாம்னு 2020-ல மோட்டார் வாகன விதியைத் திருத்தினாங்க. கம்பெனிக்கு எடை மிச்சம், இடம் மிச்சம், காசு மிச்சம். நடுரோட்டுல நிக்கறது நாம. ஒரு ஸ்டெப்னி இருந்தா இந்த விவாதமே வேண்டியதில்ல.

வைகை_ஓட்டி
எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு ரன்ஃபிளாட், ரெண்டு சாதான்னு கலந்து மட்டும் போட்டுடாதீங்க. பிரேக் பிடிக்கறப்பவும் வளைவுலயும் வண்டி ஒரே மாதிரி நிக்காது. பிரஷர் சென்சார் வேலை செய்யலைன்னா ரன்ஃபிளாட் ஆபத்து. காத்து போனது கண்ணுக்குத் தெரியாம 110-ல அழுத்திட்டு இருப்பீங்க.

தென்றல்77
எல்லாத்தையும் மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன். "எனக்கு ஸ்டெப்னி மாத்தத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்குப் பையனைக் கார்ல உக்கார வெச்சுட்டு ரோட்ல இறங்கறதுதான் எனக்குப் பயம்"னாங்க. அதனால ரன்ஃபிளாட்டே போடறோம். செம்மண்சாலை சார் சொன்ன ஸ்டாக் பிரச்சினைக்கு ஒரு வழி தோணுது. விழுப்புரத்துல மச்சான் வீடு இருக்கு. இந்த மாடல்ல நாலு சக்கரமும் ஒரே அளவுதான், அதனால அஞ்சாவதா ஒண்ணு வாங்கி அங்க மாடிப்படி அடியில வெச்சிடலாம்னு இருக்கோம்.

டயர்கடை_மதுரை
நல்ல யோசனை சார். நிமித்தி வைங்க, வெயில் படக்கூடாது, தண்ணி மோட்டார் பக்கத்துலயும் வேணாம், ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். வாங்கறப்ப சைடுவால்ல நாலு இலக்கத் தேதி பாருங்க. 2325-ன்னா 2025-ஓட 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பழசைத் தலையில கட்ட விடாதீங்க. மச்சான் ஊர்ல அந்த மெஷின் எந்தக் கடையில இருக்குன்னு இப்பவே விசாரிச்சு நம்பர் வாங்கி வெச்சுக்குங்க.

செம்மண்சாலை
அஞ்சு ரன்ஃபிளாட் காசுல ஏழு சாதா டயர் வாங்கலாம் சார், நான் இன்னும் அதேதான் சொல்வேன். ஆனா உங்க வீட்டம்மா சொன்ன பயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. ரிம்மை மட்டும் மாசம் ஒரு தடவை உள்பக்கமும் கையை விட்டுத் தடவிப் பாருங்க. என் அலாய்ல விரிசல் அங்கதான் இருந்துச்சு, வெளிய ஒரு கீறல்கூட இல்ல.