நட்ஜ்: தமிழில் என்ன சொல்லலாம்? (வியாழனுக்குள் வேண்டும்)

மதுரை ஆசிரியை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். முதுகலைப் பொருளியல் இரண்டாமாண்டுக்கு நடத்தைப் பொருளியல் எடுக்கிறேன். பாதிப்பேர் தமிழில் தேர்வு எழுதுகிறவர்கள். வெள்ளிக்கிழமை பாடம் நட்ஜ் (nudge). குறிப்பில் 'தூண்டல்' என்று போட்டிருந்தேன். போன ஆண்டு விடைத்தாள்களில் பலர் 'அரசு தரும் மானியம் ஒரு தூண்டல்' என்று எழுதிவிட்டார்கள். நட்ஜ் கருத்தை முன்வைத்த தேலரும் சன்ஸ்டீனும் 2008இல் சொன்னதற்கு நேரெதிர் அது. நட்ஜ் என்றால் எந்த வழியையும் அடைக்கக் கூடாது, காசாசையும் காட்டக் கூடாது. தெரிவுகளை முன்வைக்கும் விதத்தை மட்டும் மாற்ற வேண்டும். நான் நடத்துவது உறுப்புக்கொடை பற்றிய 2003ஆம் ஆண்டு ஆய்வு. விரும்பிப் பதிந்தால்தான் கொடையாளர் என்றிருந்த ஜெர்மனியில் ஒப்புதல் 12 விழுக்காடு. மறுக்காதவர் எல்லாரும் கொடையாளர் என்றிருந்த ஆஸ்திரியாவில் 99.98. யாருக்கும் ஒரு காசு தரவில்லை. இதற்கு ஏற்ற சொல் வேண்டும்.

தஞ்சைப் புலவர் எழுதியது:

அம்மா, சொல் கையிலேயே இருக்கிறது: இடிப்பு. பக்கத்திலிருப்பவரை முழங்கையால் இடிப்பதுதானே நட்ஜ்? 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார்.

யாழ்ப்பாண அன்பர் எழுதியது:

ஐயா, குறளில் இடிப்பது கடிந்து சொல்வது. 'மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு' என்னும்போது நண்பன் முகத்துக்கு நேரேயல்லவா சொல்கிறான்? ஆஸ்திரியாக்காரரை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. படிவத்தை மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். எங்கட பிள்ளைகளுக்கு இடி என்றால் மழைக்கால இடிதான் நினைவு வரும்.

கோவை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'தூண்டல்' நிச்சயம் வேண்டாம். உளவியலில் தூண்டல்–துலங்கல், இயற்பியலில் மின்தூண்டல் என்று ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. நட்ஜ் என்றே எழுதினால் என்ன? 'பஸ்' என்ற சொல்லும் அப்படித்தான் தமிழுக்குள் வந்தது, நின்றது, யாரும் சாகவில்லை. தேர்வில் மாணவர் கருத்தைப் பிடித்தாரா என்பதுதான் கேள்வி.

தஞ்சைப் புலவர் எழுதியது:

ஜகர ஒற்றில் முடியும் சொல்லோடு வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள், நாக்கு சொல்லும். இடிப்பை விட்டுவிடுகிறேன். 'ஆற்றுப்படை' எப்படி? ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று வரும் பொருநன், அதாவது கலைஞன், எதிர்ப்பட்ட பொருநனிடம் கரிகாலனைச் சொல்லி வழிகாட்டுகிறான். போவதும் போகாததும் கேட்டவன் விருப்பம். பத்துப்பாட்டில் ஐந்து இவ்வகை. மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் என்பதால்தான் ஐந்து என்கிறேன். அந்த இரட்டைப் பெயர் குறித்துத் தனி இழையில் எழுதுகிறேன்.

மதுரை ஆசிரியை எழுதியது:

ஐயா, 'போவதும் போகாததும் கேட்டவன் விருப்பம்' என்ற வரியை அப்படியே வகுப்பில் சொல்லப் போகிறேன். நான் தேடிய கருத்து அதுதான். ஆனால் உளவியல் ஆலோசனையை ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். அதோடு, பொருநன் பரிசிலைச் சொல்லித்தானே அனுப்புகிறான்? அது ஆசை காட்டுவதாகிவிடும்.

யாழ்ப்பாண அன்பர் எழுதியது:

அப்படியென்றால் 'மெல்லுந்தல்'. மெல், உந்தல், தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்தது. உந்தினாலும் ஆள் நிற்க விரும்பினால் நிற்கலாம், அவ்வளவு மெதுவாக.

கோவை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'உந்துதல்' உளவியலில் வேறு பொருளில் இருக்கிறது. ஆனாலும் 'மெல்' சேர்ந்ததால் குழப்பம் குறையும். சம்மதம். முதல் முறை வரும்போது நட்ஜ் என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

மதுரை ஆசிரியை எழுதியது:

இன்றிரவு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மெல்லுந்தல் என்றே போடுகிறேன், பக்கத்தில் நட்ஜ். எல்லாருக்கும் நன்றி.

தஞ்சைப் புலவர் எழுதியது:

புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் பின் வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு அது வெற்றிலை மெல்லுவதாகவே கேட்கும். எனக்கு உடன்பாடில்லை, பதிந்துகொள்ளுங்கள்.

யாழ்ப்பாண அன்பர் எழுதியது:

ரீச்சர், அடுத்த கிழமை ஸ்லட்ஜ் வருமே? படிவத்துக்கு மேல் படிவம் கேட்டு, உரியவரையே களைத்து விலகச் செய்வது. அதற்கு நேர்ச்சொல்லாகச் 'சேறு' போதும்தானே?

தஞ்சைப் புலவர் எழுதியது:

பொறுங்கள். பழஞ்செய்யுளில் சேறு என்றால் இனிய சாறு என்றும் பொருள் உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.