அந்த நாய் எந்தக் கம்பெனி நாய்?

சுவரெழுத்து | காலை 6:40

இந்த மன்றத்தில் நேற்று சோப்பு விளம்பர விவாத இழையில் கார்முகில் எழுதிய ஒரு வரியைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. "தமிழ்நாட்டில் விளம்பரம் என்றால் பொருளின் பெயரைப் பத்துத் தடவை கத்துவதுதான். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பர நாய்க்குட்டி வந்த பிறகுதான் இங்கே கற்பனை என்ற ஒன்றே வந்தது." இதுதான் அவர் எழுதியது. அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருஷம் சுவரில் எழுதியவன். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் சிமென்ட், பனியன், பூச்சி மருந்து, ஊறுகாய் என்று நான் எழுதாத சரக்கு இல்லை. முதலில் சுவரைத் துடைப்பத்தால் தட்டி, சுண்ணாம்பு ஒரு கை அடித்து, காய்ந்த பிறகு நூலில் நீலப் பொடி தடவி ஆளுக்கொரு முனை பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். எழுத்து அந்தக் கோட்டில் நிற்கணும். சுவர் நடுவில் ஜன்னல் இருந்துவிட்டால் பெயரை எந்த எழுத்தில் பிரிப்பது என்று யோசிக்கவே அரை நாள் போகும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சுவர் மூன்று விநாடிதான் தெரியும். அதற்குள் பெயர் மண்டையில் ஏறணும். ஏறவில்லை என்றால் அடுத்த சுவருக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். இதில் கற்பனை இல்லையாம், ஒரு நாயை ஓடவிட்டால்தான் கற்பனையாம்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நாய்க்குட்டி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, சரி. அது எந்தக் கம்பெனி நாய்?

கார்முகில் | காலை 8:15

பெரியவரே, வணக்கம். தூக்கம் கெட்டதற்கு வருத்தம், ஆனால் எழுதியதை வாபஸ் வாங்க மாட்டேன். நான் சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன், சும்மா டிவி பார்த்துவிட்டுப் பேசவில்லை.

ஹட்ச் விளம்பரத்தைச் செய்தது ஓகில்வி என்ற ஏஜென்சி. படம் எடுத்தவர் பிரகாஷ் வர்மா. எடுத்த இடம் கோவா. ஒரு பையன் எங்கே போனாலும் அந்தப் பக் நாய்க்குட்டி பின்னாலேயே போகும். பேச்சே கிடையாது, பின்னணியில் ஒரு பாட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி. 2003-ல் டவர், சிக்னல், கவரேஜ் என்று மணிக்கணக்கில் விளக்கினாலும் ஜனங்களுக்குப் புரிந்திருக்காது. நாய் பின்னால் வருகிற மாதிரி நெட்வொர்க் பின்னால் வரும் என்று முப்பது நாற்பது விநாடியில் காட்டிவிட்டார்கள். இதற்குப் பெயர்தான் யோசனை.

எந்தக் கம்பெனி நாய் என்று கேட்கிறீர்கள். தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் போய்க் கேளுங்கள். பக் என்ற சாதிப் பெயர் யாருக்கும் தெரியாது. ஹட்ச் நாய், வோடபோன் நாய் என்றுதான் சொல்வார்கள். ஒரு நாய்ச் சாதிக்கே கம்பெனிப் பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் சுவரில் எழுதிய எந்தச் சிமென்ட்டின் பெயர் இப்படி ஒட்டியிருக்கிறது?

சுவரெழுத்து | காலை 8:31

தம்பி, நீங்களே ரெண்டு பெயர் போட்டிருக்கிறீர்கள். ஹட்ச் நாயா, வோடபோன் நாயா? ஒரு நாய்க்கு ரெண்டு முதலாளியா? பதில் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை | காலை 9:50

பெயிண்டர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஆனால் பெயரே சொல்லாமல் பெயர் வாங்கிய விளம்பரம் இருக்கிறது. ஃபெவிகால் பஸ். ராஜஸ்தான் மணல்காட்டில் ஒரு பஸ், கூரை மேல், ஏணி மேல், பானெட் மேல் என்று எங்கே பார்த்தாலும் ஆள். மேடு பள்ளத்தில் குலுங்கினாலும் ஒருத்தர்கூட விழ மாட்டார். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. பஸ் நம்மைத் தாண்டிப் போன பிறகுதான் பின்பக்கம் ஃபெவிகால் பெயர் தெரியும்.

எங்கள் பட்டறையில் எந்தக் கம்பெனி பசை வாங்கினாலும் "ஃபெவிகால் எடுடா" என்றுதான் வாயில் வரும். பிளைவுட்டில் மைக்கா ஒட்டுகிற பையன் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனாக இருந்தாலும் அதைத்தான் சொல்வான். யாரும் அவனிடம் அந்தப் பெயரைப் பத்துத் தடவை கத்தவில்லை.

சுவரெழுத்து | காலை 10:04

தச்சுத் தம்பி, நன்றி. நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பஸ்ஸின் பின்பக்கத்தில் என்ன இருந்தது? பெயர்! பெரிய எழுத்தில் பெயர். அது இல்லாவிட்டால் அது வெறும் பஸ். கடைசியில் எழுத்துதான் காப்பாற்றியது.

கார்முகில் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்தக் கம்பெனி நாய்?

கார்முகில் | காலை 11:20

சொன்னேனே. 2003-ல் ஹட்ச். 2007 செப்டம்பரில் ஹட்ச் என்ற பெயர் வோடபோன் ஆனது. அந்த மாற்றத்தைச் சொல்ல என்ன செய்தார்கள் தெரியுமா? அதே நாய் ஹட்ச்சின் ரோஸ் கலர் கூண்டை விட்டுக் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து வோடபோனின் சிவப்புக் கூண்டுக்குள் போகும். அவ்வளவுதான். கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனி கைமாறியதை ஒரு நாய் சொல்லி முடித்தது. பெயரைவிட நாயை ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் நாயை வைத்தே பெயரை மாற்ற முடிந்தது. நீங்களாக இருந்தால் எல்லாச் சுவரையும் சுண்ணாம்பு அடித்துத் திரும்ப எழுதியிருப்பீர்கள்.

சுவரெழுத்து | காலை 11:26

"பெயரைவிட நாயை ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும்." இது கார்முகில் எழுதியது, நான் எழுதவில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத்தான் காலை 6:40-லிருந்து நானும் சொல்கிறேன்.

மலர்விழி | மதியம் 12:45

ரெண்டு பேரும் நாயின் பெயரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், நாயைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தச் சாதி நாய்க்கு மூக்கு தட்டை, மூச்சுக்குழாய் குறுகல். வெயிலில் அதால் மூச்சு வாங்கிச் சமாளிக்க முடியாது. நாங்கள் ஒன்று வளர்த்தோம், செல்லம்மா என்று பெயர். விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி குறட்டை விட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், நாங்கள் அதைக் கொஞ்சலாக நினைத்தோம். அது மூச்சுக்குத் திணறுகிற சத்தம் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் கரண்ட் போய் மின்விசிறி நின்ற மூன்று மணி நேரத்தில் போய்விட்டது. ஈரத்துண்டு போட்டு மடியில் வைத்திருந்தேன்.

2018-ல் பீட்டா அமைப்பு அந்தக் கம்பெனிக்கே கடிதம் எழுதியது, இந்தச் சாதி நாயை விளம்பரத்தில் காட்டாதீர்கள் என்று. படைப்புத்திறன் என்று பேசும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

கார்முகில் | மதியம் 1:02

உங்கள் வருத்தம் புரிகிறது மேடம். ஆனால் விளம்பரம் சிம் கார்டு விற்க எடுத்தது, நாய் விற்க எடுத்ததல்ல. நாய் வாங்குகிறவர்கள் விசாரித்து வாங்க வேண்டும்.

மலர்விழி | மதியம் 1:05

விசாரித்து வாங்கவில்லை என்று என்னைச் சொல்கிறீர்களா? மடியில் செத்தது என் பிள்ளை மாதிரி. வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள் சார்.

பவானிக்காரன் | மதியம் 1:40

நாயை விடுங்கப்பா. எனக்குப் பிடித்தது வோடபோன் விளம்பரத்தில் வந்த அந்த வெள்ளை உருவம், ஜூஜூதான். 2009 ஐபிஎல் சமயத்தில் தினம் ஒன்று புதிதாக வரும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் அப்பவே என்னமாகச் செய்திருந்தார்கள்!

கார்முகில் | மதியம் 1:48

கிராபிக்ஸ் இல்லை. எத்தனை தடவை சொல்வது. ஜூஜூ எல்லாம் மனிதர்கள். வெள்ளை உடை மாட்டி, முட்டை மாதிரித் தலை வைத்து நடிக்கவைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் எடுத்தது. இயக்கியவர் அதே பிரகாஷ் வர்மா. அசைவு கார்ட்டூன் மாதிரித் தெரிய விநாடிக்கு 20 ஃபிரேமில் படம் பிடித்தார்கள். இது தெரியாமல் விளம்பரம் பற்றிப் பேச வந்துவிடுகிறார்கள்.

பவானிக்காரன் | மதியம் 1:55

தெரியாது, கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதற்கு ஏன் இந்த எகத்தாளம்? போன வருஷம் சிவகாசி காலண்டர் இழையிலும் இவர் இப்படித்தான் எல்லோரையும் முட்டாள் ஆக்கினார். மூன்று பேர் அதோடு எழுதுவதையே நிறுத்தினார்கள். எனக்கு மறக்கவில்லை.

கார்முகில் | மதியம் 2:03

காலண்டர் இழையில் நான் சொன்னது அத்தனையும் சரி. வேண்டுமானால் தேடி எடுத்துப் படியுங்கள்.

சுவரெழுத்து | மதியம் 2:30

ஜூஜூவும் வேண்டாம், காலண்டரும் வேண்டாம். வாஷிங் பவுடர் நிர்மாவுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் டிவி இருந்தது ஒரே வீட்டில், ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் திண்ணை வரைக்கும் உட்கார்ந்திருப்போம். அந்தப் பாட்டு வந்தால் பேச வராத குழந்தைகூடத் தலையை ஆட்டும். பாட்டில் முதல் வரி என்ன? பெயர். ரெண்டாவது வரி என்ன? மறுபடி பெயர். இன்றைக்கு அறுபது வயசுக்காரரை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் அது எந்தக் கம்பெனிப் பாட்டு என்று சந்தேகம் வராது. நாய்க்கு வருகிறது.

கார்முகில் | மதியம் 2:52

நிர்மா விற்றது பாட்டால் இல்லை ஐயா, விலையால். கர்சன்பாய் படேல் 1969-ல் அகமதாபாத்தில் வீட்டில் தயாரித்து சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். சர்ஃப் கிலோ ரூ.13 விற்றபோது இவர் ரூ.3-க்குக் கொடுத்தார். டிவியில் பாட்டு வருவதற்கு முன்பே ஜனங்கள் வாங்க ஆரம்பித்தாயிற்று. அதைச் சமாளிக்கத்தான் சர்ஃப்காரர்கள் லிண்டாஸ் ஏஜென்சியில் அலிக் பதம்சியிடம் போனார்கள். அவர் லலிதாஜி என்ற ஒரு குடும்பத் தலைவியை உருவாக்கினார். காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற பெண், ஆனால் சோப்புத்தூளில் மட்டும் மலிவைப் பார்க்க மாட்டாள், அதில்தான் புத்திசாலித்தனம் என்பாள். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. ஒரு பாத்திரம், அவ்வளவுதான். இது கற்பனை.

சுவரெழுத்து | மதியம் 3:01

லலிதாஜி சொல்கிற அந்த வாக்கியம் இந்தியில் எந்த வார்த்தையில் ஆரம்பிக்கிறது? சர்ஃப். முதல் வார்த்தையே சர்ஃப். தம்பி, நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் பெயரில் வந்துதான் முட்டுகிறீர்கள். நாய்க்கு மட்டும்தான் பெயர் இல்லை.

நாகு அம்மாள் பேத்தி | மாலை 4:10

ஒரு விஷயம் சொல்கிறேன், ரெண்டு பேரும் கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது வெள்ளைச் சட்டை போட்டு வந்தால் "என்ன, உஜாலாவுக்கு மாறிட்டியா?" என்று கேட்போம். சொட்டு நீலம் டோய் என்று ஒரு ரீகல் விளம்பரம் வருமே, அதையும் பாட்டி வாளியில் துணி அலசும்போது முணுமுணுப்பார். ஆனால் பாட்டி கடைக்குப் போனால் "சொட்டு நீலம் ஒண்ணு குடு"ன்னுதான் கேட்பார். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதை வாங்கிவருவார். ரெண்டு கம்பெனிப் பெயரும் வாயில் இருந்தது, பையில் எது இருந்ததென்று அவருக்கே தெரியாது.

கார்முகில் | மாலை 4:14

நன்றி! நன்றி! இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? பெயரைக் கத்தினார்கள், பாட்டியும் பாடினார், கடையில் போய்ப் பெயரைக் கேட்கவில்லை. சுவரெழுத்து ஐயா இதற்குப் பதில் சொல்லட்டும்.

சுவரெழுத்து | மாலை 4:40

பாட்டி வாயில் பெயர் இருந்தது என்று அந்தப் பெண்ணே எழுதியிருக்கிறது, படித்துப் பாருங்கள். கடைக்காரர் என்ன கொடுத்தார் என்பது கடைக்காரர் கணக்கு, எழுதினவன் கணக்கு இல்லை.

நான் சொல்ல வருவது வேறு. 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. நாங்கள் ரெண்டு நாள் எழுதுவதை மெஷின் பத்து நிமிஷத்தில் துப்பிவிடும். எங்கள் செட்டில் ஒன்பது பேர் இருந்தோம். ஒருத்தர் வாட்ச்மேன், ஒருத்தர் பரோட்டா மாஸ்டர், மிச்சம் பேர் எங்கே என்றே தெரியாது. அப்போது எங்களிடம் யாரும் வந்து இது கலை என்று சொல்லவில்லை. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து நாயை யோசித்தவர்களுக்கு விருது கொடுத்தார்கள். அது பரவாயில்லை, வாங்கட்டும். ஆனால் எங்களுக்குக் கற்பனையே இல்லை, கத்தத்தான் தெரியும் என்று ஒருத்தர் எழுதினால் என்னால் பொறுக்க முடியாது. "இந்தச் சுவர் 2026 வரை" என்று கட்சிக்காரர் ரிசர்வ் பண்ணி வைத்த சுவர் மூலையில் மிஞ்சின ரெண்டடி இடத்தில் ஒரு ஊறுகாய்ப் பெயரைப் படிக்கிற மாதிரி எழுதிக் காட்டச் சொல்லுங்கள் இவர்களை.

தச்சுப்பட்டறை | மாலை 5:05

அண்ணே, அது நியாயம். கார்முகில் "கத்துவது" என்று எழுதியது தப்பு. அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடச் சொல்லுங்கள், முடிந்தது.

கார்முகில் | மாலை 5:20

எடுக்க மாட்டேன். சுவரில் எழுதினவர்கள் உழைப்பை நான் எங்கேயும் குறைத்துப் பேசவில்லை. உழைப்பு வேறு, யோசனை வேறு. எழுத்து அழகாக இருப்பது கைத்திறன். என்ன எழுதுவது என்பதை யோசித்தவர் யார்? முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதைப் பெரிதாக்கினீர்கள்.

சுவரெழுத்து | மாலை 5:22

பெரிதாக்கினோமா? சரி. நான் இப்போது டீக்கடைக்குப் போகிறேன். அங்கே இருக்கிறவர்களிடம் நாய் போட்டோ காட்டிக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மலர்விழி | மாலை 5:30

இன்னும் என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சுவரெழுத்து | மாலை 6:48

ஏழு பேரிடம் கேட்டேன். நாலு பேர் ஹட்ச் நாய். ரெண்டு பேர் வோடபோன் நாய். டீ மாஸ்டர் "ஏர்டெல் நாயா?" என்றார். ஏர்டெல்!

கார்முகில் | மாலை 6:51

ஏழில் ஆறு பேர் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு பெயரும் அதே கம்பெனிதான்.

சுவரெழுத்து | மாலை 6:53

அதே கம்பெனியா? 2018-ல் வோடபோன் ஐடியா கம்பெனியோடு சேர்ந்து, 2020-ல் "வி" என்று பெயர் மாற்றியாயிற்று. ஏழு பேரில் ஒருத்தர்கூட வி நாய் என்று சொல்லவில்லை. இன்றைய தேதிக்கு அது எந்தக் கம்பெனி நாய், அதைச் சொல்லுங்கள் முதலில்.

பவானிக்காரன் | இரவு 7:15

டீ மாஸ்டரிடமும் கார்முகில் வந்து ஃபிரேம் கணக்குச் சொல்வார், பாருங்கள்.

கார்முகில் | இரவு 7:20

உங்களுக்கு அந்தக் காலண்டர் இழை இன்னும் செரிக்கவில்லை. சுவரெழுத்து ஐயா, நாளைக்கு என் தெருவில் நானும் கேட்டுவிட்டு வருகிறேன். ஏழு பேர் போதாது.

சுவரெழுத்து | இரவு 7:21

கேளுங்கள். ஆனால் போட்டோவைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கணும். ஹட்ச் என்று நீங்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது.