பழைய சோவியத் வால்வு வாங்குகையில் டெஸ்டர் அளவு போதுமா?

செங்கனல்:
கித்தார் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) பழைய சோவியத் வால்வு (வெற்றிடக் குழாய்) வாங்குவோர், விற்பவர் காட்டும் டெஸ்டர் (வால்வைச் சோதிக்கும் கருவி) அளவை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது தவறு என்பது என் வாதம். எமிஷன் டெஸ்டர் என்னும் எளிய வகை, வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுகளையும் அதைப் பெறும் பிளேட்டையும் ஒன்றாக இணைத்து, வால்வை இரு முனை மட்டும் கொண்ட வெறும் டயோடாக்கி, எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு இன்னும் மின்னோட்டம் தருகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. பிளேட்டில் 400 வோல்ட்டுக்கு மேல் ஏறும்போது அதே வால்வு எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் தெரியாது.

நேர்கோடு:
எல்லா டெஸ்டர்களையும் ஒரே கணக்கில் சேர்க்கிறீர்கள். சோவியத் தயாரிப்பான எல்3-3, துளையட்டையின் வழியாக அந்தந்த வால்வுக்குரிய மின்னழுத்தங்களை அமைத்து, மியூச்சுவல் கண்டக்டன்ஸுடன் (கிரிட் மின்னழுத்தம் மாறும்போது பிளேட் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பது) கிரிட்டின் எதிர்த்திசை மின்னோட்டத்தையும் அளக்கிறது. உள்ளே வாயு புகுந்த வால்வு அங்கேயே அகப்பட்டுவிடும். 6பி14பி-ஈவி போன்ற வால்வுப் பெயர்களின் இறுதியிலுள்ள எழுத்துகள் நீண்ட ஆயுளையும் உறுதியான கட்டமைப்பையும் குறிக்கின்றன. இராணுவ ஏற்பைக் காட்டும் சாய்சதுர முத்திரையும் இருந்தால், அது அலங்காரத்துக்காக இடப்பட்டதன்று.

செங்கனல்:
முத்திரை, வால்வு ஆலையை விட்டு வெளியேறிய நாளின் தரத்தையே சொல்லும். தவிர, கண்ணாடியின் மேலுள்ள மை விரலால் தேய்த்தாலே அழிவதுண்டு. அழிவதை மீண்டும் அச்சிடவும் முடியும். அதைவிட, உள்ளே எஞ்சிய வாயுவை உறிஞ்சும் கெட்டரைப் பார்ப்பது நல்லது: கண்ணாடியின் உட்புறத்திலுள்ள அதன் வெள்ளி நிறப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

பெரிய சிக்கல் பயஸில், அதாவது வாசிக்காதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பில், இருக்கிறது. 6எல்6ஜிசி என்ற அமெரிக்க பவர் வால்வுக்குப் பதிலாகச் சோவியத் 6பி3எஸ்-ஈ பொருத்தலாம் என்று பலர் விற்கிறார்கள். முன்னதன் பிளேட் தாங்குவது 30 வாட்; பின்னது தாங்குவதோ சுமார் 21 வாட். 450 வோல்ட் ஆம்பில் வாட் எல்லையில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதிப்படி முன்னதற்கு 46 மில்லிஆம்பியர் வைக்கலாம். பின்னதற்கு 32 போதும். பழைய பயஸை அப்படியே விட்டால், வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே அந்த வால்வு தன் எல்லையில் நிற்கும். எந்த டெஸ்டர் இதைச் சொல்லும்? கேத்தோடில் 1 ஓம் மின்தடை வைத்து, மில்லிவோல்ட்டை மில்லிஆம்பியராகப் படித்தால்தான் தெரியும்.

புதுக்கம்பி:
இடையில் ஒரு கேள்வி. 12ஏஎக்ஸ்7 என்ற பிரீஆம்ப் வால்வு இருக்கும் இடத்தில் சோவியத் 6என்2பி போடலாமா?

நேர்கோடு:
நேரடியாகப் போட முடியாது. பெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 6என்2பியின் ஹீட்டர் (கேத்தோடைச் சூடாக்கும் இழை) 4, 5 பின்களுக்கு இடையில் 6.3 வோல்ட்டில் மட்டும் இயங்கும், 9ஆம் பின் உள்மறைப்புக்கானது (ஷீல்டு). 4, 5 ஒன்றாக இணைக்கப்பட்ட 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டில் அது சூடே ஆகாது. அவ்விரண்டுக்கும் இடையில் 12.6 வோல்ட் கொடுக்கும் ஆம்பிலோ ஹீட்டர் எரிந்துபோகும். சாக்கெட்டின் கம்பிகளை மாற்றிய பிறகே பொருத்த வேண்டும்.

பயஸ் குறித்துச் செங்கனல் சொல்வதை ஏற்கிறேன். ஆனால், சோதிக்காத வால்வை நேராக ஆம்பில் செருகுவதை ஏற்க முடியாது. சூடான பின் மட்டுமே தோன்றும் ஷார்ட்டை (உட்பகுதிகள் ஒன்றையொன்று தொடுவதை) மல்டிமீட்டர் காட்டாது. அது ஸ்கிரீன் கிரிட்டின் மின்தடையையோ அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையோ எரித்த பின் தெரிந்து என்ன பயன்?

செங்கனல்:
ஷார்ட்டுக்கு மட்டும் டெஸ்டர் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஸ்பீக்கருடன் ஒரே பெட்டியில் அதிரும் காம்போ ஆம்பில், அதிர்வை ஒலியாக மாற்றும் மைக்ரோபோனிக் வால்வு ஊளையிடுவதை மட்டும் உங்கள் எல்3-3 கண்டுபிடிக்காது. ஆகவே, ஆம்பில் வாசித்துப் பார்த்த பின் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்காத விற்பனையாளரிடம், அவர் எத்தகைய டெஸ்டர் வைத்திருந்தாலும், நான் வாங்குவதில்லை.