ஜூலை லீவில் நார்வே கப்பல்: சின்னப் பிள்ளைகள், ஆயாவோடு போக என்ன தயாரிப்பு வேண்டும்?

உம்லாங்கா_அம்மா கேட்டது:

வணக்கம். பள்ளிக்கூட ஜூலை லீவில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் ஏறி, நார்வே ஃபியோர்டுகளை (மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழையும் கடல்) சுற்றிவிட்டு அங்கேயே இறங்கும் 7 இரவுக் கப்பலைப் பார்த்து வைத்திருக்கிறோம். நாங்கள் இருவர், 4 வயதுப் பையன், 11 வயதுப் பெண், 72 வயது ஆயா (பாட்டி). தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் ஏறி மொசாம்பிக்கின் போர்த்துகீசியத் தீவு, பொமேனே போய் வரும் கப்பல்தான் எங்களுக்குப் பழக்கம். அதற்கு நீச்சலுடையும் தொப்பியும் போதும். இதற்கு என்ன உடுப்பு? பால்கனி கேபினுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகுமா? விசா எத்தனை வேண்டும்? வீட்டில் மாட்டிறைச்சி தொடுவதில்லை, ஆயா சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

வடகடல்_வாசி:

குளிர் என்றதும் எல்லோரும் பனிமலைக்குப் போகிற மாதிரி தடித்த கோட்டைத் தேடி ஓடுவார்கள். வேண்டாம். ஜூலை அங்கே கோடை. நார்வேயின் பெர்கன் நகரில் பகல் 17, 18 டிகிரி இருக்கும், நம் டர்பன் குளிர்காலப் பகலைவிட நாலைந்து டிகிரி குறைவு, அவ்வளவுதான். ஆளை வாட்டுவது காற்றும் மழையும். கப்பல் மணிக்கு 35 கிலோமீட்டரில் போகும்போது வெளியே 10 டிகிரி என்றால், டெக்கில் நிற்கிறவர் உடம்புக்கு அது 6 டிகிரி. ஃபியோர்டுக்குள் நுழைவது பெரும்பாலும் விடியற்காலை. அந்த நேரத்தில்தான் எல்லோரும் டெக்கில் நிற்பீர்கள்.

அதனால் ஒரே தடித்த உடுப்பு வேண்டாம், மூன்று அடுக்காக எடுங்கள். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளுடை, மேலே ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை நூல் மேலாடை), அதற்கு மேல் தண்ணீர் புகாத, தலைமூடி உள்ள மழை ஜாக்கெட். இறகு அடைத்த பஃபர் ஜாக்கெட் நனைந்தால் இறகு கட்டிகட்டியாகச் சேர்ந்து சூடு போய்விடும். ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் கேபினில் அடுத்த நாள்கூடக் காயாது. குடை எதற்கு? காற்றில் மடங்கித் திரும்பிக்கொள்ளும். பையனுக்கு மேலும் கீழும் சேர்ந்த மழை உடுப்பு ஒன்று, கையுறை இரண்டு ஜோடி (ஒன்று கட்டாயம் தொலையும்). ஜூலையில் நம் ஊர்க் கடைகளில் குளிர்கால உடுப்பு இருக்கிற நேரம்தான், ஃப்ளீஸை இங்கேயே வாங்கிவிடலாம். நீச்சலுடையையும் விட்டுவிடாதீர்கள். வடக்கே ஓடும் பெரிய கப்பல்களில் மூடுகிற கூரையுள்ள குளம் இருக்கும். முன்பதிவுக்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் கடல்நாட்களில் உங்களைப் பிய்த்துவிடுவார்கள். டயபர் கட்டும் குழந்தையைக் குளத்தில் விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கேபின்: 4 வயதுப் பிள்ளை இருந்தால் என் ஓட்டு ஜன்னல் இல்லாத உள்கேபினுக்கே. பெர்கன் பக்கம் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு 11 மணி ஆகும், நாலேகாலுக்கெல்லாம் மறுபடி வந்துவிடும். இடையிலும் முழு இருட்டு கிடையாது. திரை இடுக்கில் ஒரு விரல் வெளிச்சம் போதும், பையன் அதிகாலையிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவான். உள்கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பால்கனியே வேண்டுமென்றால் திரையின் இரு ஓரத்தையும் பிடித்துவைக்கத் துணி மாட்டும் கிளிப் நாலு எடுத்துப் போங்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஃபியோர்டின் கடைசிவரை போய்த் திரும்பி அதே வழியில் வருவதால் இரு பக்கமும் எல்லாம் தெரியும்.

இன்னொன்று. கேபின் சுவர் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி ஆறு வாங்கிக்கொண்டால் ஈர ஜாக்கெட் ஐந்தும் சுவரில் தொங்கும். நாலு பேர் படுக்கும் கேபினில் இரண்டு கட்டில் மேலே மடக்கி வைத்தவை, ஏணி போட்டு ஏறவேண்டும். நாலு வயதுக்காரனை மேலே படுக்கவைக்காதீர்கள். ஆயாவுக்கும் பெண்ணுக்கும் தனிக் கேபின் எடுத்தால் எல்லோருக்கும் தூக்கம் வரும்.

விசா_விவரம்:

கீலில் ஏறி நார்வே, டென்மார்க் துறைமுகங்களை மட்டும் தொடும் கப்பலுக்கு ஒரே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போதும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் செலவிடுகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது நார்வேயாகத்தான் வரும், பயணத்திட்டத்தைப் பார்த்து நாள் எண்ணிக்கொள்ளுங்கள். சில கப்பல் வழியில் ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன், கிர்க்வால் என்று போகும். அங்கே ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருவதால் பலமுறை நுழைவு விசா தேவை, பிரிட்டன் விசாவும் கேட்பார்கள். விலை குறைவு என்று சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பும் கப்பலை எடுத்துவிட்டு இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். ஜூலைக்கான நேர ஒதுக்கீடு சீக்கிரம் நிரம்பும், மார்ச்சிலேயே பிடியுங்கள். பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழே கட்டணமில்லை. பயணக் காப்பீடு மருத்துவத்துக்குக் குறைந்தது 30,000 யூரோ காட்டவேண்டும். ஆயாவின் வயதுக்கு அந்தக் காப்பீடு உண்டா, பழைய நோய்களை ஏற்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

கப்பலில் காசே கிடையாது, எல்லாம் அறை அட்டையில் ஏறும். அதோடு உங்கள் டெபிட் கார்டை இணைத்தால் முன்தொகையாக ஒரு பணத்தைப் பிடித்துவைப்பார்கள். பயணம் முடிந்து சில நாள்வரை அது கைக்கு வராது. கிரெடிட் கார்டு கொடுங்கள். நார்வேயில் காபி வாங்கக்கூட கார்டுதான், அந்த ஊர்ப் பணமான குரோனரை மாற்றிக்கொண்டு அலைய வேண்டாம்.

போனை ஏர்ப்ளேன் மோடிலேயே வையுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல் கோபுரம் உங்கள் போனைப் பிடித்துக்கொள்ளும், ஐரோப்பிய இ-சிம் அதற்குச் செல்லாது. பில் வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள். ஃபியோர்டுக்குள் போனதும் நார்வேயின் தரைக் கோபுரம் கிடைக்கும், அப்போது திறந்துகொள்ளலாம்.

உம்லாங்கா_அம்மா:

நன்றி அண்ணா. ஸ்காட்லாந்து இல்லாத கப்பல்தான். சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்கள். பில்டாங் (நம் ஊர் உலர்ந்த இறைச்சி), நெய், ஊறுகாய் எடுத்துப் போகலாமா? ஒரு சின்ன ரைஸ் குக்கர்?

சாட்ஸ்வர்த்_சமையல்:

ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள் அக்கா. சூடாக்கும் சாமான் எதுவும் கேபினில் கூடாது. கெட்டில், இஸ்திரிப் பெட்டிக்கும் அதே கதி: ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, இறங்கும் நாள்தான் திருப்பித் தருவார்கள். சர்ஜ் தடுப்பு (மின்சாரம் திடீரென எகிறுவதைத் தடுப்பது) வைத்த நீட்டிப்புப் பலகையும் தடை. நம் ஊர்ப் பெரிய மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, ஐரோப்பிய இரண்டு முள் அடாப்டர் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பில்டாங் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும், நெய்யும் பால்கோவாவும் அப்படியே. முறுக்கு, பருப்புப் பொடி, மிளகாய்த் தூள் தாராளமாகப் போகும். ஊறுகாயைக் கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பாட்டிலாக எடுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, சரக்குப் பெட்டியில் வையுங்கள். கைப்பெட்டியில் 100 மில்லிக்கு மேல் போனால் பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் சமைத்ததைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்.

ஆயாவுக்கு "சைவம்" என்று மட்டும் சொன்னால் முட்டையும் சீஸும் வரும், சில நேரம் மீனும் வந்து நிற்கும். "இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம்" என்று பிரித்துச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான் வம்பு: வெங்காய சூப்பின் அடியில் மாட்டு எலும்புச் சாறு, பழுப்பு கிரேவி, ஜெலட்டின் (விலங்கின் எலும்பு, தோலில் எடுப்பது) போட்ட மூஸ், பன்னாகோட்டா மாதிரி இனிப்புகள். பார்மசான் சீஸில் கன்றின் ரென்னட் (பாலைத் திரிக்க அதன் வயிற்றிலிருந்து எடுப்பது) இருக்கும். முதல் நாள் இரவே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரைப் பார்த்துப் பேசுங்கள். மறுநாள் மெனுவை முந்தைய இரவே காட்டி, ஆயாவுக்குப் பருப்பும் சோறும் தனியாகச் செய்து தருவார்கள். சமையலறையில் இந்தியர்கள் பல கப்பல்களில் இருக்கிறார்கள், கேட்டால் காரமும் கிடைக்கும். பஃபேயில் போய் நின்று அந்த நேரத்தில் கேட்டால் ஒன்றும் நடக்காது.

சாப்பிடும் முன் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வாசலில் இருக்கும் ஜெல், வாந்தி பேதி தரும் நோரோ வைரஸுக்குச் சரியாக வேலை செய்யாது. வாந்தி பேதி வந்தால் மருத்துவரிடம் சொல்லியாகவேண்டும், கேபினை விட்டு வெளியே விடமாட்டார்கள்.

வடகடல்_வாசி:

ஆயாவுக்காக ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பயணத்திட்டத்தில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே கரையணைப்பா (கப்பலைக் கரையிலேயே கட்டுவது), டெண்டர் படகா (சிறு படகில் கரைக்குப் போவது) என்று போட்டிருக்கும். நார்வேயின் கெய்ராங்கர் ஃபியோர்டில் பெரிய கப்பல்கள் நங்கூரம் போட்டுச் சிறு படகில் ஆளை இறக்குவது வழக்கம். படகும் மேடையும் ஒன்றாக ஆடாது. ஊழியர் இரண்டு பேர் கைபிடித்துத்தான் தாண்ட வைப்பார்கள். முட்டி வலிக்காரருக்கு அது சிரமம், மடக்காத சக்கர நாற்காலி ஏறாது. ஆயா கப்பலிலேயே இருந்தாலும் ஒன்றும் குறையாது: ஏழு சகோதரிகள் அருவி கப்பல் போகிற வழியில்தான் இருக்கிறது.

ஃப்ளோம் என்ற ஊரில் கப்பல் கரையில் கட்டினால் ரயில் நிலையம் சில நிமிட நடை. 20 கிலோமீட்டர் தூரத்தில் 866 மீட்டர் ஏறும் ரயில், போக ஒரு மணி, வர ஒரு மணி. கப்பல் வரும் நாள் சீட்டு முன்கூட்டியே தீர்ந்துபோகும், நேரில் போய் வாங்கலாம் என்று நம்பாதீர்கள். ஓலெசுண்ட் நகரில் அக்ஸ்லா மலைக்கு 418 படி. மேலே வண்டியும் போகும், ஆயாவை அதில் ஏற்றுங்கள்.

கடல் குமட்டல்: ஃபியோர்டுக்குள் தண்ணீர் குளம் மாதிரி. வெளிக்கடலில்தான் ஆட்டம். பக்கவாட்டு ஆட்டத்தை நிலைப்படுத்தித் துடுப்புகள் குறைக்கும், முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் நிறுத்த முடியாது. கப்பலின் நடுவில், கீழ் டெக்கில் கேபின் கேளுங்கள். மாத்திரை என்றால் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போடவேண்டும். பையனுக்கான அளவை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள்.

கப்பல் நேரம் பற்றிக் கவலை இல்லை. கோடையில் நார்வே கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றேதான். ஆனால் விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது, ஒரு நாள் முன்னதாகவே ஹாம்பர்க் போய்த் தங்குங்கள். அங்கிருந்து கீலுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஏறும் நாளில் பெட்டிகள் கேபினுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகலாம். ஆயாவின் மருந்து, ஐந்து ஜாக்கெட், நீச்சலுடை கைப்பையில் இருக்கட்டும்.

உம்லாங்கா_அம்மா:

ஜூலை 5 ஏறினால் 12 இறங்கலாம். ஆடி பிறக்குமுன் வீட்டில் இருப்போம், கோயிலில் கூழ் ஊற்றும் பூசைக்கு ஆயா தயார். ரைஸ் குக்கரை எடுத்து உள்ளே வைத்தாச்சு.