தரையில் நிற்கும் சோலார் பேனல்களுக்கு அடியில் தொங்கும் ஒயர்கள்: பைப்பா, கம்பிவலையா?

மேட்டுநிலம் (கேள்வி):

வணக்கம். தரையில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்ட்ரக்சர் போட்டு இரண்டு வரிசை பேனல் நிற்கிறது. வரிசைக்கு 14 பேனல், ஒரு வரிசை ஒரு ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த பேனல் தொகுதி). பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் 49.5, ஆக ஸ்ட்ரிங்குக்கு 693 வோல்ட் டிசி; கரன்ட் 13 ஆம்பியர். வரிசையின் நீளம் 16 மீட்டர். முன் விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ., பின் விளிம்பு 150 செ.மீ.

ஒயர்களை வெள்ளை கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் தொங்குகிறது, சில எம்.சி.4 கனெக்டர்கள் (பேனல் ஒயர்களை இணைக்கும் செருகிகள்) புல்லிலேயே கிடக்கின்றன. ஆடுகள் உள்ளே வரும், எலியும் அணிலும் உண்டு, புல்வெட்டும் மெஷின் ஓட்ட வேண்டும், பிள்ளைகளுக்கும் கை எட்டும் உயரம். எல்லாவற்றையும் பிவிசி பைப்புக்குள் விட்டுவிடலாமா, அல்லது சுற்றிலும் கம்பிவலை அடித்தால் போதுமா? வலை அடித்தால் பேனல் சூடாகி உற்பத்தி குறையுமா?

நேர்மின்வேலை (பதில்):

பேனலுக்கும் பேனலுக்கும் இடையில் ஓடும் ஒயரைப் பைப்புக்குள் விடாதீங்க. அதில் பேனலுக்குப் பேனல் ஒரு கனெக்டர் வரும். பைப்புக்குள் போன கனெக்டரைக் கண்ணால் பார்க்க முடியாது, ராத்திரி ஈரம் உள்ளே தங்கும், ஏதாவது ஒன்று சூடானால் கருகி முடித்த பிறகுதான் தெரியும். பைப் தேவைப்படுவது வரிசையின் கடைசியிலிருந்து இன்வெர்ட்டர் வரை போகும் நீள ஓட்டத்துக்கு மட்டும்தான்.

முதல் வேலை ஒயரைத் தூக்குவது. வலையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். தொங்குகிற ஒயர் காற்றில் ஆடி பர்லின் (பேனலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) விளிம்பில் உரசும், ஜி.ஐ. சேனலை வெட்டின இடத்தில் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ஒரு பருவம் முழுக்க உரசினால் இரண்டு அடுக்கு இன்சுலேஷனும் போய்விடும். ஒயர் விளிம்பைத் தாண்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் எட்ஜ் ட்ரிம் (விளிம்பை மூடும் பட்டை), சேனலில் ஓட்டை வழியே போனால் ரப்பர் க்ரோமெட் (ஓட்டைக்குள் மாட்டும் வளையம்), இரண்டும் கட்டாயம்.

வெள்ளை டை எல்லாவற்றையும் வெட்டி எறியுங்க. யு.வி. தாங்காது, நொறுங்கும். கருப்பு டை கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஆனால் பேனலின் ஆயுளுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பேனல் ஃப்ரேமின் உதட்டில் செருகுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் கிடைக்கும், ஒரு கிளிப்பில் இரண்டு ஒயர் உட்காரும். வாங்குமுன் ஃப்ரேம் உதட்டின் தடிமனையும் ஒயரின் வெளி விட்டத்தையும் அளந்து கிளிப்பில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்க. 30 முதல் 40 செ.மீ.க்கு ஒன்று, கனெக்டருக்கு இரு பக்கமும் 10 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. இதன்படி 16 மீட்டர் வரிசைக்கு 80 கிளிப் எடுத்து வைத்தால் சரியாக இருக்கும். கனெக்டர் வாயிலேயே ஒயரை வளைக்கக் கூடாது. அங்கே வளைந்தால் உள்ளிருக்கும் ரப்பர் சீல் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தண்ணீர் இறங்கும். வளைவின் ஆரம் ஒயர் விட்டத்தின் ஐந்து மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒயரை விறைக்க இழுத்தும் கட்டாதீங்க. பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் ஸ்ட்ரக்சர் நீண்டு சுருங்கும், அந்த இழுப்பு நேராகக் கனெக்டரில்தான் போய் நிற்கும். பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்தே ஓடட்டும். தனித்தனி வழியில் போனால் நடுவில் பெரிய வளையம் உண்டாகி, பக்கத்தில் இடி விழும்போது அதில் சர்ஜ் (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சல்) தூண்டப்படும்.

ஒன்று மறக்கக் கூடாது: இதில் எதைத் தொடுவதற்கு முன்னும் இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரை (பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃப் செய்து, டிசி கிளாம்ப் மீட்டரில் கரன்ட் சுழியம் என்று பார்த்த பிறகே கனெக்டரைப் பிரிக்கணும். லோடில் பிரித்தால் டிசி ஆர்க் தானாக அணையாது. கரன்ட் இல்லாவிட்டாலும் வெளிச்சம் இருக்கும் வரை 693 வோல்ட் அங்கேயே இருக்கும். மின்வேலைக்கான, 1000 வோல்ட் டிசி தாங்கும் ரப்பர் கையுறை போடுங்க.

வேலியோரம் (பதில்):

வலை விஷயம். யாரைத் தடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு வகை.

ஆடு, பிள்ளைகள், புல்வெட்டும் ஆள் ஆகியோருக்கு வரிசையைச் சுற்றிச் செங்குத்து வலை போதும். வெல்ட் செய்த பிறகு கால்வனைஸ் செய்த மெஷ் வாங்குங்கள். கால்வனைஸ் கம்பியை வெல்ட் செய்த மெஷ்ஷில் ஒவ்வொரு வெல்ட் முனையிலும் துத்தநாகம் எரிந்திருக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். கண் 50 × 50 மி.மீ. இருந்தால் ஆட்டின் வாய் நுழையாது. உங்கள் அளவுக்கு ஒரு வரிசையின் சுற்றளவு ஏறத்தாழ 36 மீட்டர். பின்பக்கத்தில் ஒரு பகுதியைக் கீல் வைத்துத் திறக்கும்படி விடுங்கள். திறக்க முடியாத வலையைப் பராமரிப்புக்கு வருபவர் வெட்டித்தான் போவார், பிறகு அதை யாரும் மூட மாட்டார்கள்.

எலிக்கும் அணிலுக்கும் இது பயன்படாது, காலில் ஏறியே போய்விடும். அதற்கு 12 மி.மீ. கண் மெஷ்ஷைப் பர்லினின் அடியில் கிடையாக அடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. காய்ந்த இலையும் தூசும் அதன்மேல் சேரும், எலி அங்கேயே கூடு கட்டும். சூடான கனெக்டருக்குக் கீழே காய்ந்த சருகு என்பது தீக்கு விறகு. மரங்கள் பக்கத்தில் இருந்தால் கிடை வலை வேண்டவே வேண்டாம். மாறாகப் புல்லைக் குட்டையாக வைத்து, ஸ்ட்ரக்சர் காலில் தரையிலிருந்து சற்று மேலே வழவழப்பான தகட்டை 40 செ.மீ. உயரத்துக்குக் கழுத்துப்பட்டை போலச் சுற்றுங்கள். பல்லியைத் தவிர எதுவும் அதில் ஏறுவது கடினம்.

சூடு பற்றி: 50 மி.மீ. கண் வலை காற்றைத் தடுக்காது. பேனல் ஒரு டிகிரி சூடானால் 0.3 முதல் 0.4 சதவீதம் பவர் குறையும் என்பது உண்மை, ஆனால் அது தகடோ பலகையோ அடித்து மூடுபவர்களுக்கான கவலை.

வலையை எதற்காகவும் பேனல் ஃப்ரேமில் துளையிட்டு மாட்டாதீர்கள். வாரன்டி போகும், நீளமான ஸ்க்ரூ பேனலின் பின்னுறையான பேக்‌ஷீட்டைக் குத்தும். பர்லினிலோ காலிலோ கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். வலையை எர்த் செய்வதும் கட்டாயம்: ஒரு ஒயர் தேய்ந்து வலையில் பட்டால் வலை முழுவதும் மின்சாரத்தில் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் ஸ்ட்ரக்சர் எர்த்தோடு இணைத்து, செம்புக் கம்பியானால் டின் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் காது) போடுங்கள். வெறும் செம்பு ஜி.ஐ.யில் பட்டால் துத்தநாகம் அரித்துப் போகும்.

மேட்டுநிலம்:

நன்றி. இன்வெர்ட்டர் வரை 12 மீட்டர், அதில் 9 மீட்டர் மண்ணுக்கடியில். 6 ஸ்கொயர் எம்.எம். கேபிள் நான்கும் எர்த் ஒன்றும். 25 மி.மீ. பிவிசி பைப் போதுமா? வரிசைக்குக் கீழே ஜல்லி போட்டால் புல் பிரச்சினை தீருமா?

நேர்மின்வேலை:

25 போதாது. கணக்கு இதுதான்: 6 ஸ்கொயர் சோலார் கேபிளின் வெளி விட்டம் 6.5 மி.மீ. என்று வைத்தால் ஒன்றின் பரப்பு 33 சதுர மி.மீ., நான்குக்கு 133. எர்த் ஒயர் 5 மி.மீ. விட்டம், பரப்பு 20. மொத்தம் 153. பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்றால் 382 சதுர மி.மீ. வேணும், அதாவது உள் விட்டம் 22 மி.மீ. 25 பைப்பின் உள் விட்டம் அதைவிடக் குறைவு. 32 போடுங்க, வளைவு இரண்டுக்கு மேல் வந்தால் 40.

மண்ணுக்கடியில் இரட்டைச்சுவர் எச்.டி.பி.இ. (கெட்டி பாலிஎத்திலீன்) பைப், ஆழம் 60 செ.மீ., மேலேயும் கீழேயும் கல் இல்லாத மணல், பாதி மூடிய பிறகு எச்சரிக்கை நாடா. மண்ணைவிட்டு மேலே வருகிற இடத்தில்தான் மண்வெட்டியும் புல்வெட்டியும் படும், அங்கே ஜி.ஐ. பைப் போட்டு அதையும் எர்த்தோடு சேருங்க. தரைக்கு மேல் வெயிலில் ஓடும் பிவிசி, 3 மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி ஏற்றத்தில் 7 முதல் 8 மி.மீ. நீளும், இரு முனையும் இறுக்கி ஒட்டினால் ஏதோ ஒரு மூட்டு பிய்யும். பைப் நீள இடம் தரும் நழுவும் கப்ளிங் ஒன்று வைங்க, சேடிலை (பைப்பைப் பிடிக்கும் பட்டை) ரொம்ப இறுக்காதீங்க. கேபிள் பைப்புக்குள் கீழிருந்து நுழையட்டும், நுழையுமுன் ஒரு தொங்கு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஜல்லி போடலாம், களைத் துணி விரித்து 8 முதல் 10 செ.மீ. கனத்துக்கு. ஆனால் போட்ட பிறகு அந்த இடத்தில் நூல் சுழலும் புல்வெட்டியைக் கொண்டு போகவே கூடாது. தெறிக்கும் கல் பேனலின் பின்புறத்தைச் சேதப்படுத்தும், ஒயரையும் கீறும்.

மெக்கர்கை (பதில்):

கட்டி முடித்ததும் இன்சுலேஷன் டெஸ்ட் (ஒயர் உறை வழியே மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறதா என்ற சோதனை) எடுங்க, இல்லையென்றால் ஏற்கெனவே கீறின ஒயரை அழகாகக் கிளிப்பில் மாட்டி வைத்ததாகத்தான் இருக்கும். ஐ.இ.சி. 62446-1 என்ற சர்வதேசத் தரநிலையின்படி 500 முதல் 1000 வோல்ட் வரை உள்ள ஸ்ட்ரிங்குக்கு 1000 வோல்ட் டெஸ்ட், குறைந்தது 1 மெகாஓம். இன்வெர்ட்டரையும் சர்ஜ் அரெஸ்டரையும் (சர்ஜைத் தாங்கும் காப்புக் கருவி) கழற்றிவிட்டு, மைனஸுக்கும் எர்த்துக்கும் ஒரு முறை, பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் ஒரு முறை. பனி ஈரம் காயாத காலையில் எடுங்க. காய்ந்த மதியத்தில் 50 மெகாஓம் காட்டும் ஸ்ட்ரிங் காலையில் அரை மெகாஓமுக்கு இறங்கலாம்.

குறைவாகக் காட்டினால் 14 பேனலையும் பிரிக்க வேண்டாம். அளக்கும்போது ஸ்ட்ரக்சரிலேயே மின்சாரம் இருக்கலாம் என்று எண்ணியே கை வைங்க. 1000 வோல்ட் டிசி தாங்கும் மீட்டரில் ஸ்ட்ரிங்கின் பிளஸ்-எர்த், மைனஸ்-எர்த் இரண்டையும் அளங்க. பிளஸ் பக்கம் 198, மைனஸ் பக்கம் 495, கூட்டினால் 693 வருகிறது என்றால் பழுது ஓரிடத்தில் இருக்கிறது. 198-ஐ 49.5-ஆல் வகுத்தால் 4. பிளஸ் முனையிலிருந்து 4-ஆம், 5-ஆம் பேனலுக்கு நடுவிலுள்ள ஒயரைத் தடவிப் பார்க்காமல் கண்ணால் தேடுங்க. கூட்டுத்தொகை 693-க்கு வெகு கீழே நின்றால் அது வெறும் ஈரக் கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம், கனெக்டர் ஒவ்வொன்றாகப் பார்க்கணும்.

கீறின இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி விடாதீங்க. அந்தத் துண்டை வெட்டி, அதே கம்பெனி, அதே மாடல் ஆண்-பெண் கனெக்டரைச் சரியான க்ரிம்பிங் டூலால் (ஒயர் முனையில் கனெக்டர் ஊசியை அமுக்கிப் பிடிக்க வைக்கும் கருவி) போடுங்க. வேறு வேறு கம்பெனி எம்.சி.4 ஒன்றோடொன்று சொடுக்கென்று மாட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே தொடுபரப்பு பொருந்தாமல் சூடாகும்.

வேலியோரம்:

ஒரு சேர்க்கை. பைப் வாயை அடைக்க ஃபோம் அடிக்கும் வழக்கம் இருக்கிறது. எலி அதைச் சுலபமாகக் கொறித்து உள்ளே போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பளியை 5 செ.மீ. ஆழத்துக்குத் திணித்து, அதன்மேல் டக்ட் சீல் களிம்பை அப்புங்கள். சாதாரண இரும்புக் கம்பளி வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் துருவாகிக் கொட்டிவிடும். கம்பளியின் இழை கேபிளை அறுக்காதபடி, அந்த இடத்தில் மட்டும் கேபிள்மேல் ரப்பர் ஸ்லீவ் ஒன்றை முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். கனெக்டர் க்ரிம்ப் செய்த பிறகு அது நுழையாது.