ஒட்டுக்கத்திக்கு வைரப் பசை: மின்னுகிறது, ஆனால் கூர் வரவில்லை

மாந்தோப்பு, அயோத்தியாப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். இமாம்பசந்த், மல்கோவா கன்றுகளுக்கு மென்தண்டு ஒட்டுக் கட்டும் நாற்றங்கால் நடத்துகிறேன். ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள கார்பன் எஃகுக் கத்தியை 1000, 6000 எண்ணுள்ள (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) ஜப்பானியத் தண்ணீர்க் கற்களில் தீட்டிய பின், தடித்த பழைய தோல் பெல்ட்டில் 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவு துகளுள்ள வைரப் பசை தடவி இழுக்கிறோம். முகம் பார்க்கும் அளவுக்குக் கத்தி மின்னுகிறது. ஆனால் ஒட்டுக்குச்சியை ஆப்பு வடிவில் சீவினால் வழுக்கிச் சென்று, வெட்டு அலையலையாக விழுகிறது. ஒரே இழுப்பில் சமதளமாகச் சீவாவிட்டால் இரு தண்டுகளின் வளர்படையும் (பட்டைக்கு அடியில் புதுத் திசு உருவாகும் மெல்லிய அடுக்கு) ஒன்றோடொன்று படியாமல் குச்சி காய்ந்துவிடும் என்பதால் இதைச் சாதாரணக் குறையாக விட்டுவிட முடியவில்லை. பசையை 1 மைக்ரானுக்கு மாற்றினால் போதுமா?

சவரக்கத்தி, செவ்வாய்ப்பேட்டை

ஐயா, பசையை மாற்றுவது நல்லதுதான். ஆனால் முதலில் மாற்ற வேண்டியது தோலை. தடித்த மென்மையான தோல், கத்தியின் அழுத்தத்தில் அமுங்கி, கத்தி நகர்ந்ததும் விளிம்புக்குப் பின்னால் மேலெழும்பி, கூரின் நுனியைச் சுற்றி உராய்ந்து அதை உருட்டிவிடுகிறது. வைரத்துகள் வேகமாக அரிக்கும் பொருள் என்பதால், வெறும் தோலில் மெல்ல நேரும் இந்தக் கேடு வைரப் பசையோடு சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே நேர்ந்துவிடும். பளபளப்பும் கூரும் ஒன்றல்ல: உருண்டுபோன விளிம்பும் கண்ணாடிபோல் மின்னத்தான் செய்யும்.

இதைச் சோதிக்க, சரிவு முழுவதும் மார்க்கர் மையைப் பூசி, தோலில் மெதுவாக ஓரிரு முறை இழுத்துவிட்டு, வெள்ளிப் பட்டறையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சரிவின் மற்ற பகுதியில் மை அப்படியே இருக்க, நுனியில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் தூக்கலாக இருக்கிறது, அல்லது தோல் மேலெழும்புகிறது என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. ஜப்பானிய அளவில் 6000 எண் கல்லின் துகள் ஏறத்தாழ 2 மைக்ரான்தான். அதற்குப் பின் 3 மைக்ரான் பசைக்குப் போவது, ஏறிய படியிலிருந்து ஒன்று இறங்குவதற்குச் சமம். 1 மைக்ரானோடு நிறுத்திக்கொள்ளலாம். பச்சைத் தண்டுக்கு 0.25 வரை போவதில் எனக்குப் பயன் தெரியவில்லை.

நுனி ஏற்கெனவே உருண்டிருப்பதால் மீண்டும் 6000 கல்லில் சரிவைத் தட்டையாக்கி, எதிர்ப்பக்கம் எழும் பிசிறை அங்கேயே, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நீக்குங்கள். பிசிறைத் தோல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், அது ஒடிந்து கரடான நுனியை விட்டுச் செல்லும். அதன் பின், இழைத்த தேக்குப் பலகையில் இறுக்கி ஒட்டிய மெல்லிய தோலில், பசையை மிளகளவு மூன்று நான்கு புள்ளிகளாக வைத்து விரலால் பரப்பி, முதுகு முன்னே செல்ல, கத்தியின் சொந்த எடையே அழுத்தமாக இருக்கும்படி பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் போதும்.

மிளகுக்கொடி, ஏற்காடு

மேலே சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாறுபாடு: சாதாரண கார்பன் எஃகுக்கு வைரம் கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை. சவரக்கத்திக்குப் பூசும் பச்சைநிறக் குரோமியம் ஆக்சைடே அதை நன்றாக மெருகேற்றும். நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும் குருந்தக்கல்லும், அதாவது அலுமினியம் ஆக்சைடும், அரிக்கும் பொருள்தான். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் அது 9, வைரமோ 10. அந்த ஓர் எண் வித்தியாசம் சிறியதாகத் தோன்றினாலும் உண்மையில் வைரம் பல மடங்கு கடினம். அந்தக் கடினம் தேவைப்படுவது, வனேடியம் கார்பைடு என்னும் மிகக் கடினமான துகள்கள் நிறைந்த விலையுயர்ந்த எஃகுகளில். அங்கே மற்றத் துகள்கள் கார்பைடைச் சுற்றியுள்ள இரும்பை மட்டும் அரித்துவிட்டுப் போகும்.

காப்பித் தோட்டத்தில் காய்ந்த கிளையும் கயிறும் அறுக்கும் கத்திகளை நாங்கள் 1000 கல்லோடு நிறுத்திவிடுகிறோம். இழுத்து அறுக்கும் வேலைக்குச் சற்றுச் சொரசொரப்பான விளிம்புதான் பிடித்துக்கொள்ளும். மெருகு வேண்டியது ஒட்டுக்கும் ரோஜா மொட்டுக் கட்டுவதற்கும்தான்.

மாந்தோப்பு, அயோத்தியாப்பட்டணம்

இருவருக்கும் நன்றி. மை பூசிப் பார்த்தேன். நுனியில் மட்டும்தான் அழிந்தது. தட்டையான பின்பக்கத்தை எப்படி இழுப்பது? எண்ணெய்ப் பசை கத்தியில் தங்கி ஒட்டைக் கெடுக்குமா?

சவரக்கத்தி, செவ்வாய்ப்பேட்டை

பின்பக்கத்தை இம்மியளவும் தூக்காமல் பலகையில் முழுவதுமாகப் படிய வைத்து இழுங்கள். அங்கே சிறு சரிவு விழுந்தாலும் கத்தி நேராகச் சீவாது. பசையின் பிசுக்கை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்த பிறகே குச்சியைத் தொடுங்கள். செடிக்குச் செடி நோய் பரவாமலிருக்கவும் அது உதவும். மாம்பால் அமிலத்தன்மை உள்ளது, கார்பன் எஃகைக் கறுக்கச் செய்து கூரையும் அரிக்கும் என்பதால் வேலைக்கு நடுவிலும் துடைத்துக்கொண்டே இருங்கள். பலகையைத் துணியில் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள். 3 மைக்ரான் தடவிய பழைய பெல்ட்டின் மேல் அது படக்கூடாது, ஒரு பெரிய துகள் ஒட்டிக்கொண்டாலும் ஒவ்வோர் இழுப்பிலும் கீறல் விழும்.