மறு: வேளாண் சூழலியல் என்ற சொல் போதுமா?

வணக்கம்.

> ‘வேளாண் சூழலியல்’ புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

உழவைச் சூழலோடும் சமூகத்தோடும் சேர்த்துப் பார்க்கும் துறையின் (agroecology) பெயராக அது இருக்கட்டும். ஆனால், உலக உணவுப் பாதுகாப்புக் குழுவின் உயர்நிலை வல்லுநர்கள் 2019இல் அதற்கென வகுத்த 13 நெறிகளில் மண்வளம், பல்லுயிர் ஆகியவற்றோடு நியாயம், பங்கேற்பு, நில ஆளுகையும் உண்டு. இதை ‘இயல்’ தாங்காது. படிக்கிற துறைக்கு இயல். பெண்ணியம்போல ஒரு தரப்பில் நின்று பேசுவதற்கு இயம். இயக்கத்துக்கு ‘வேளாண் சூழலியம்’ என்பது என் முன்மொழிவு.

> மக்கள் சொல்லும் ‘இயற்கை வேளாண்மை’ போதாதா?

மருந்தடிக்காதது மட்டும்தான் அதில் தெரிகிறது. எங்கள் தருமபுரியையே பாருங்கள். 2023இல் நீலகிரியிலும் இங்கும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல காரியம். (களி தின்னும் ஊருக்கு ராகி ரேஷனில் வர இத்தனை காலமா என்பது வேறு கதை.) அரசுக் கொள்முதலும் உண்டு. ஆனால் மானாவாரி ராகிக் காட்டில் ஊடே அவரை, துவரை, கடுகு, ஓரத்தில் ஆமணக்கு என்று போட்டிருப்பார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து, தூசி பார்த்து எடைபோடுவது ராகியை மட்டும். அவரையை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். சாமைக்கு மத்திய அரசின் ஆதரவு விலையே கிடையாது. சிறுதானியங்களில் சோளம், கம்பு, கேழ்வரகுக்குத்தான் உண்டு. விலையுள்ள பயிரே காட்டை நிரப்பினால் மிஞ்சுவது மருந்தில்லாத ஒற்றைப்பயிர். அதற்கும் ‘இயற்கை’ முத்திரை குத்தலாம், யாரும் கேட்க முடியாது.

பெயரை எடுத்துக்கொண்டு சாரத்தைக் கழற்றிவிடுவதை ‘கையகப்படுத்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சிப்காட் தொழிற்பேட்டை உள்ள எங்கள் பக்கம் அந்தச் சொல் நிலமெடுப்பு நோட்டீஸுக்குப் போய்விட்டது. ‘தன்வயமாக்கல்’ என்று வைக்கலாம்.

— பென்னாகரத்திலிருந்து

*

ஐயா, சூழலியம் எனக்குச் சம்மதம். ஆனால் ஓரெழுத்து வேறுபாடு; மெய்ப்புப் பார்ப்பவர் எல்லாவற்றையும் ‘இயல்’ ஆக்கிவிடுவார். ஆய்வாளரைச் ‘சூழலியலாளர்’ என்றும் களத்தில் நிற்பவரைச் ‘சூழலியர்’ என்றும் பிரித்தால் குழப்பம் குறையும். இணைய அகராதியான விக்சனரியில் இரண்டையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தனித்தனியே ஏற்றுகிறேன்.

ராகிக்கு ஊடே மற்ற பயிர் விதைக்கப் போடும் சாலுக்குப் (உழவு வரிக்கு) பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வழங்கும் பெயர்களை யாராவது கேட்டு அனுப்புங்கள். ‘பல்பயிர்ச் சாகுபடி’ என்று தட்டையாக எழுத மனம் வரவில்லை.

— கிருஷ்ணகிரியிலிருந்து